கேட்க வெட்கப்பட வேண்டாம்
சிறுநீர் உபாதைகளும் மருத்துவரிடம் போக வேண்டிய நேரமும்

(நம் டிரஸ்டின் மாதாந்திர நலவாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே முழுமையாகத் தரப்படுகிறது.)

 

இன்றைய தலைப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது சிலர் படித்துவிட்டுச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் நம்மைத் தனியாக அழைத்து, "இதையெல்லாம் மைக்கில் பேச வேண்டுமா தம்பி?" என்று கேட்டார். "பேசத்தான் வேண்டும் காக்கா" என்றோம். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாமெல்லாரும் மக்தபில் ஓதியவர்கள். ஏழெட்டு வயதில் உஸ்தாத் நமக்கு நடத்திய முதல் சட்டப் பாடம் எது? தொழுகைகூட அதற்குப் பிறகுதான். முதல் பாடம் தஹாரத், சுத்தம். சிறுநீர் நஜீஸ், அது துணியில் பட்டால் எப்படிக் கழுவுவது, போய் வந்த பின் எப்படிச் சுத்தம் செய்வது, சொட்டு நின்றதா என்று எப்படி உறுதி செய்வது என்பதையெல்லாம் உரக்கச் சொல்லித்தான் மனப்பாடம் செய்தோம். யாரும் வெட்கப்படவில்லை. அந்த வயதில் மார்க்கம் நமக்கு வெட்கமின்றிக் கற்றுத் தந்த ஒரு விஷயம், ஐம்பது வயதில் நோயாக வந்து நிற்கும்போது மனைவியிடம்கூடச் சொல்ல நாக்கு எழுவதில்லை. இந்த மௌனத்துக்கு நம் ஊர் கொடுத்திருக்கும் விலையை நம் டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசி ஸஃப்புக்குப் போன பெரியவர்

நம் மஹல்லாவில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவரிடம் அனுமதி கேட்டபோது, "பேரை விட்டுடுங்க, விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்க" என்றார். பல வருடங்களாக இமாமுக்கு நேர் பின்னால், முதல் ஸஃப்பில் நிற்பவர். ஒரு நாள் அவர் ஸஃப்பின் ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்தில் நின்றார். சில மாதம் கழித்துக் கடைசி ஸஃப்பில். பிறகு வெளிப்பள்ளியில். பிறகு ஜும்ஆவுக்கு மட்டும். கடைசியில் அதற்கும் வருவதில்லை.

ஜமாஅத் கணக்கு விஷயத்தில் அவருக்கும் நமக்கும் அப்போது சிறு மனவருத்தம் இருந்தது. கோபத்தில் வராமல் இருக்கிறார் என்றே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம். போய்ப் பார்க்கவில்லை. அல்லாஹ் நம்மை மன்னிக்கட்டும்.

ஒன்றரை வருடம் கழித்து அவருடைய மகன் டயாலிசிஸ் உதவிக்கான மனுவோடு நம் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அவருக்குப் பிராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை அடைத்திருக்கிறது. போய்விட்டு வந்தாலும் முழுதாகக் காலியாவதில்லை. சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. கைலியில் ஒரு சொட்டுப் பட்டால் தொழுகை கூடாதே, பள்ளியின் பாயில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வாசலை நோக்கி நகர்ந்து நகர்ந்து வீட்டுக்குள்ளேயே போய்விட்டார். மருத்துவமனையில் டியூப் வைத்தபோது ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் வெளியேறியதாம். அவ்வளவு காலமும் அந்த அழுத்தம் மேல் நோக்கிப் போய் இரண்டு சிறுநீரகங்களையும் பாழாக்கிவிட்டது. "வாசல் பக்கம் நகர்ந்தீங்களே, அந்த நேரத்துல வந்திருந்தா பெரும்பாலும் மாத்திரையிலேயே சரி செஞ்சிருக்கலாம்" என்று மருத்துவர் சொன்னாராம்.

அவருடைய நோய் அவர் நிற்கும் இடத்தில் தெரிந்தது. ஊரே பார்த்தது. ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இன்று மைக்கில் பேசுகிறோம்.

இயல்பு எது?

சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டி அனுப்பும் நீரைச் சேர்த்து வைக்கும் பைதான் சிறுநீர்ப்பை. பெரியவர்களுக்கு அதில் சுமார் 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். பாதியளவு நிறையும்போதே போக வேண்டும் என்ற உணர்வு வரத் தொடங்கும். பகலில் ஆறிலிருந்து எட்டு முறை போவது இயல்பு. இரவில் எழாமல் இருப்பதோ, ஒரு முறை எழுவதோ கவலைக்குரியதில்லை. நிறம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். போகும்போது எரிச்சல், வலி, முக்கல் எதுவும் இருக்கக்கூடாது.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றாக இராது. தஹஜ்ஜுதுக்கு எழுபவர் அப்போது ஒரு முறை போய் வருவதை நோயென்று சொல்ல வேண்டாம். ஆனால் உங்கள் வழக்கம் மாறுகிறதென்றால், நேற்று வரை ஒரு முறை எழுந்தவர் இன்று நான்கு முறை எழுகிறார் என்றால், அதைக் கவனிக்க வேண்டும்.

நீர்க்கடுப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்

திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்கள் இதைச் சற்றுக் கூடுதலாகக் கவனியுங்கள். பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்களுக்கு அந்தப் பாதை குடலின் வாசலுக்கும் மிக அருகில் இருக்கிறது. குடலில் இருக்கும் கிருமி எளிதாக உள்ளே ஏறிவிடும். ஆகவே பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருவது மிகச் சாதாரணம். அவர்கள் சுத்தம் போதாதவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். படைப்பின் அமைப்பே அப்படி.

போகும்போது எரிச்சல், அடிக்கடி முட்டுதல், போனால் கொஞ்சமாக வருதல், அடிவயிற்றில் வலி, கலங்கலான அல்லது நாற்றமடிக்கும் நீர் ஆகியவை இதன் அடையாளங்கள். நம் வீடுகளில் இதற்குப் பெயர் "சூடு". இளநீர் குடிப்போம், பார்லி காய்ச்சுவோம், கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவோம். நீர் நிறையக் குடிப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓரிரு நாளில் அடங்காத கடுப்புக்குச் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும்.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. எங்கள் உம்மா அந்த வருடம் மூன்று முறை கடுப்பால் அவதிப்பட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் பேரனைக் கடைக்கு அனுப்பி "சூட்டு மாத்திரை" வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மருமகளிடம் மட்டும் லேசாகச் சொல்லியிருக்கிறார்கள். "மகன்கிட்ட இதைச் சொல்றதா?" என்று அவள் வாயையும் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. விலாவுக்குக் கீழே முதுகில் வலி. விடிவதற்குள் பேச்சுத் தடுமாறி, மஃரிப் தொழுதுவிட்டோமா என்று ஃபஜ்ரு நேரத்தில் கேட்டார்கள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார் மருத்துவர். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தார்கள். தஹாரத் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தக் கற்ற நாம், பெற்ற தாயிடம் "நீர் சரியாகப் போகிறதா உம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வயதானவர்களுக்குத் தொற்று முற்றும்போது இப்படித் திடீர்க் குழப்பம் வரலாம். "வயசாயிடுச்சு, ஏதோ பேசுறாங்க" என்று விட்டுவிடக்கூடாது. சில முதியவர்களுக்குக் காய்ச்சல்கூட வெளியே தெரியாது.

கருவுற்ற பெண்களுக்கு எரிச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறவும், பிரசவம் முன்கூட்டியே நிகழவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் கர்ப்ப காலத்தில் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையை யாரும் தட்டிக் கழிக்க வேண்டாம்.

தடுக்கும் வழிகள் எளியவை. சுத்தம் செய்யும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும். அடக்கி வைக்கக்கூடாது. தாம்பத்தியத்துக்குப் பின் சிறுநீர் கழித்துவிட வேண்டும். வாசனை சோப்பையும் கிருமிநாசினித் திரவத்தையும் அந்த இடத்தில் ஊற்றத் தேவையில்லை, தண்ணீரே போதும். கல்யாண வீட்டுக்குப் போனால் ஒதுங்க இடமிருக்காது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போகும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. ஹஜ்ஜுக்குப் போகும் இடத்திலும் மினாவிலும் அரஃபாவிலும் வரிசைக்குப் பயந்து இதையே செய்கிறார்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். கல்யாண வீட்டார் பெண்களுக்கு வசதியான கழிப்பறையை முதலில் ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு பந்தலுக்கு விளக்குப் போடட்டும்.

தும்மினால் கசிகிறதா?

இரண்டு மூன்று பிள்ளை பெற்ற பல சகோதரிகளுக்கு இருமினால், தும்மினால், சிரித்தால், குடம் தூக்கினால் சில சொட்டுக் கசியும். பிரசவத்தில் அடிப்பகுதித் தசைகள் தளர்வதே காரணம். வேறு சிலருக்குத் திடீரென்று முட்டும். குளியலறை வாசலைத் தாண்டுவதற்குள் போய்விடும். அது நீர்ப்பை தேவையின்றி இறுகுவதால் வருவது. இரண்டுமே நோய்கள். "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று நம் பெரியம்மாக்கள் சொல்லிச் சொல்லி, சிகிச்சையே இல்லாத விஷயம் என்று ஆக்கிவிட்டார்கள்.

முதல் வகைக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. காற்றை அடக்குவதுபோலக் கீழ்த் தசைகளை உள்ளே இழுத்து ஐந்து விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர விட வேண்டும். இப்படிப் பத்து முறை, தினம் மூன்று வேளை. சிறுநீர் போகும் நேரத்தில் செய்யக்கூடாது. மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்கு நன்றாகக் குறையும். இரண்டாம் வகைக்கு டீ, காப்பியைக் குறைத்து, முட்டும்போது உடனே ஓடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிப் பழகி, அந்த இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். மாத்திரையும் உண்டு. ஆனால் பயிற்சிக்கு முன் தொற்றோ சர்க்கரையோ இல்லை என்று சோதித்துக்கொள்ளுங்கள். கீழே ஏதோ இறங்கி வருவதுபோல் இருந்தால் கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இங்கே தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. கசிவு நிற்காதவர்களுக்குத் தொழுகை கூடாது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தொடர்ந்து கசிபவருக்கு மார்க்கத்தில் தனிச் சலுகை இருக்கிறது. வக்து வந்த பின் சுத்தம் செய்து, துணியோ பேடோ கட்டி, ஒளு செய்து தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும், ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் ஒளுவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் இடையில் கசிந்தால் மன்னிக்கப்பட்டது. விவரத்துக்கு நம் இமாமைக் கேளுங்கள். கடைசி ஸஃப்புக்குப் போன அந்தப் பெரியவருக்கு இந்தச் சட்டத்தை யாராவது நினைவூட்டியிருந்தால் அவர் பள்ளியை இழந்திருக்க மாட்டார். அவர் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தால், ஒருவேளை நாமும் கேட்டிருப்போம்.

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு

பிராஸ்டேட் என்பது நீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சிறு சுரப்பி. வயது ஏற ஏற அது பெரிதாகும். அறுபது வயதில் ஏறத்தாழப் பாதி ஆண்களுக்கு அது வளர்ந்திருக்கும். பெரும்பாலும் இது புற்றுநோய் கிடையாது. ஆனால் பாதையை நெரிக்கும். போக உட்கார்ந்தால் தொடங்க நேரமாகும், வேகம் குறையும், விட்டு விட்டு வரும், முடிந்தும் முடியாதது போலிருக்கும், கைலியைச் சரி செய்த பின் சொட்டும், இரவில் இரண்டு மூன்று முறை எழுப்பும்.

இதில் ஒன்றிரண்டு இருந்தாலே மருத்துவரைப் பாருங்கள். ஒரு ஸ்கேனில், போன பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்று தெரிந்துவிடும். மாத்திரையிலேயே பலருக்குச் சரியாகும். அறுவை வேண்டியவர்களுக்கும் பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமல் பாதை வழியாகவே செய்கிறார்கள். போய் முடித்ததும் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயல்வதும் உதவும். அந்த நிதானத்தை மார்க்கமும் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அதற்காக அரை மணி நேரம் உள்ளே நின்று வஸ்வாஸில் விழ வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. இந்த உபாதை உள்ளவர்கள் சளிக்கு, மூக்கடைப்புக்கு என்று கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. அவற்றில் சில, திடீரென்று நீரை முழுதாக அடைத்துவிடும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று மருத்துவரைக் கேளுங்கள். இரவில் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் எழுந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு முறை இரத்தம் வந்தாலும்

இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால், வலியே இல்லாவிட்டாலும், ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும், மருத்துவரிடம் போக வேண்டும். தொற்றும் கல்லும் காரணமாகலாம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் பெரும்பாலும் வலியில்லாத இரத்தம்தான். வந்து நின்றுவிடும்; மனிதர் நிம்மதியாகிவிடுவார்; மாதங்கள் கழித்து மறுபடி வரும். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. இந்தப் புற்றுநோய்க்கு மிகப் பெரிய காரணம் பீடி, சிகரெட். புகை நெஞ்சோடு நிற்பதில்லை; அதன் நஞ்சு இரத்தத்தில் கலந்து சிறுநீராக வடிந்து பையில் தங்குகிறது. சாயப்பட்டறை, தோல், ரப்பர் வேலைகளில் சில இரசாயனங்களோடு பல வருடம் புழங்கியவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பீட்ரூட் சாப்பிட்டாலோ, டி.பி. மாத்திரை எடுத்தாலோ நீர் சிவக்கலாம். அதுதான் காரணமா என்பதையும் மருத்துவரே சொல்லட்டும்.

சர்க்கரையும் பிள்ளைகளும்

அடிக்கடி நிறைய நீர் போகிறது, தாகம் அடங்கவில்லை, உடம்பு இளைக்கிறது என்றால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். பல வருடம் கட்டுப்படாத சர்க்கரை நீர்ப்பையின் நரம்புகளையும் மரக்கச் செய்யும். பை நிறைந்தும் உணர்வு வராது. அப்படிப்பட்டவர்கள் முட்டுகிறதோ இல்லையோ, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும்.

ஐந்து வயது வரை பிள்ளை படுக்கையை நனைப்பது இயல்பு. அதற்குப் பிறகும் சில பிள்ளைகளுக்கு நீடிக்கும், மருத்துவம் இருக்கிறது. அடிப்பதாலும் விருந்தாளி முன் சொல்லிக் காட்டுவதாலும் நிற்காது. பல மாதம் நனைக்காமலிருந்த பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை, மனப்பயம் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கலாம். தாகமும் இளைப்பும் சேர்ந்திருந்தால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். பள்ளிக்கூடக் கழிப்பறை சரியில்லை என்று காலையிலிருந்து மாலை வரை அடக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். "இன்னைக்கு ஸ்கூல்ல பாத்ரூம் போனியாம்மா?" என்று உம்மாமார் கேளுங்கள். இல்லையென்றால் ஆசிரியரிடம் பேசுங்கள்.

அரபு நாட்டில் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளிடமும் போனில் இதைக் கேளுங்கள். அந்த வெயிலில் தண்ணீர் குறைத்து நீரை அடக்கினால் கல் உருவாகும்.

நோன்புக் காலத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். ஸஹர் முடிவில் மொத்தமாகக் குடித்தால் வெளியே போய்விடும். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிப்பது, நோன்பு வைக்கலாமா என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தது அல்லாஹ்தான்.

எப்போது உடனே? எப்போது இந்த வாரம்?

இவற்றில் ஒன்றிருந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டியில்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

1. முட்டுகிறது, அடிவயிறு உப்புகிறது, ஆனால் நீர் வரவில்லை.
2. சிறுநீர் எரிச்சலோடு குளிர் நடுக்கம், காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி.
3. இரத்தம் கட்டி கட்டியாக வருகிறது.
4. முதுகுவலியோடு கால் பலமிழந்து, மறைவிடம் மரத்து, நீர் அடைபடுகிறது அல்லது தன்னையறியாமல் போகிறது. இது தண்டுவட நரம்பு நெரிபடுவதன் அடையாளம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கேடு.
5. முதியவர் திடீரென்று குழம்புகிறார் அல்லது மயங்குகிறார்.
6. கர்ப்பிணிக்கு எரிச்சலோடு காய்ச்சல். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும்.

இவற்றுக்கு இந்த வாரத்துக்குள் போக வேண்டும்.

1. ஒரு முறையேனும் இரத்தம்.
2. ஓரிரு நாளில் அடங்காத எரிச்சல். ஆண்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் என்றால் எரிச்சல் தொடங்கியதுமே.
3. இரவில் இரண்டு முறைக்கு மேல் எழுவது புதிதாகத் தொடங்கியிருந்தால்.
4. வேகம் குறைதல், முக்குதல், முழுதும் போகாத உணர்வு.
5. எந்த வயதிலும் கசிவு.
6. திரும்பத் திரும்பக் கடுப்பு.

போகும்போது

மூன்று நாள் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை முறை போனீர்கள், இரவில் எத்தனை, கசிவு எப்போது, என்ன குடித்தீர்கள். வாய் திறக்கக் கூச்சமென்றால் அந்தத் தாளை மேசையில் வைத்துவிடுங்கள். மருத்துவருக்கு அதுவே பாதி சொல்லிவிடும். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். சோதனைக்குக் கொடுக்கும் நீரில் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கொடுக்க வேண்டும். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாளாகும். எந்த மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்கும் என்று அதில்தான் தெரியும். கடையில் கேட்டு வாங்குவதும், பக்கத்து வீட்டில் மீந்ததை விழுங்குவதும், இரண்டு நாளில் நிறுத்துவதும் கிருமியை மருந்துக்குப் பழக்கும் வேலை. பிறகு ஊசியும் பெரிய செலவும்தான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீர்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். பணம் காரணமாக யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். அது உங்கள் உரிமை. கிடைக்காத நேரத்தில், கணவரோ மகனோ சகோதரியோ உடனிருக்க, ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் "பெண் டாக்டர் வரட்டும்" என்று காத்திருக்கச் சொல்லும் ஆண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம்.

ஒரு கிராமவாசி அறியாமல் மஸ்ஜிதுன் நபவியிலேயே சிறுநீர் கழித்த சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். தோழர்கள் பதறி எழுந்தபோது, பாதியில் அவரைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் முடித்த பின் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் செய்தார்கள். இடத்தைக் கழுவிவிடலாம், மனிதரை நோகச் செய்யக்கூடாது. நம் வீட்டில் வயதான வாப்பா படுக்கையை நனைத்துவிட்டால், முகம் சுளிக்கும் முன் அந்த வாளித் தண்ணீரை நினைத்துக்கொள்வோம்.

வெட்கப்படுவது குற்றம் இல்லை. அலி (ரலி) அவர்களே வெட்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அடிக்கடி மதி என்னும் நீர் கசியும் உபாதை இருந்தது. மாமனாராகிய நபி (ஸல்) அவர்களிடம் அதை நேரில் கேட்கக் கூச்சம். என்ன செய்தார்கள்? மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்டுவரச் சொன்னார்கள். விடை கிடைத்தது: கழுவிவிட்டு ஒளு செய்தால் போதும். தாம் கூசிய விஷயத்தை அவர்கள் கேட்காமல் விட்டுவிடவில்லை. இன்னொருவர் வழியாகக் கேட்டார்கள். அதனால் நமக்கும் ஒரு சட்டம் கிடைத்தது.

நம் வீடுகளிலும் ஒரு மிக்தாத் வேண்டும். மாமிக்கு மருமகள், வாப்பாவுக்கு மகன், லாத்தாவுக்குத் தங்கை. யாருமில்லாதவர்களுக்கு நம் டிரஸ்ட் இருக்கிறது. அலுவலகத்தில் ஆண்களுக்கு நம்மிடமும், பெண்களுக்கு நம் மகளிர் குழுச் சகோதரிகளிடமும் சொல்லலாம். என்ன நோய் என்றுகூடச் சொல்ல வேண்டாம். "மருத்துவமனைக்குத் துணை வேண்டும்" என்றால் போதும். அழைத்துப் போவோம். வெளியே ஒரு சொல் போகாது.

அந்தப் பெரியவர் இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். மற்ற நாட்களில், ஒளு செய்துகொண்டு, மறுபடியும் பள்ளிக்கு வருகிறார். முதல் ஸஃப்பில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மாவிடம், வாப்பாவிடம், அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். நாளைக்கு ஃபஜ்ரில் யாராவது வழக்கமான இடத்தை விட்டு வாசல் பக்கம் நகர்ந்து நின்றால், ஸலாம் கொடுத்த பின் போய்க் கையைப் பிடித்து நலம் விசாரியுங்கள்.

நம் நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.